கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரம்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து நீ மறுபடி நடக்கத் தொடங்கியதில் பெரிய நிம்மதி. மகள் ஆவண மேலாண்மை படிக்கிறேன் என்றதும் "கட்டுக் கட்டி அடுக்குற வேலைக்கு ஒரு படிப்பா?" என்று வீட்டில் கேட்டார்களாமே. படிக்கட்டும். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகமே இதற்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மத்திய அரசு அலுவலகம் ஒவ்வொன்றும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம் சொல்கிறது. 1892-க்கு முந்தைய ஆவணத்தை, எதற்கும் உதவாதபடி சிதைந்துபோனால் ஒழிய, அழிக்கக் கூடாது. விதியை மீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை. கட்டுக் கட்டுகிற வேலைக்கா இவ்வளவு பெரிய தண்டனை வைப்பார்கள்?

இந்த வேலையின் உயிர், கோப்பு முடியும் நாளில் இருக்கிறது. முடிந்த கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று அன்றுதான் அதன்மேல் ஒரு குறியீடு போடுவார்கள். நம் மாவட்ட அலுவலகங்களில் ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். இதைக் குறிப்பது பிரிவு எழுத்தர், அதுவும் பெரும்பாலும் மாதக் கடைசி அவசரத்தில். நில எடுப்புக் கோப்பில் மூ.மு. என்று விழுந்துவிட்டால் நான்காம் ஆண்டு அது கழிவுத்தாள். பதினைந்தாம் ஆண்டு இழப்பீட்டு வழக்கு வரும்போது அரசு வழக்கறிஞர் கையில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் நி.மு. ஆக்குகிறவர்களும் உண்டு. அங்கே அறை நிரம்பி, கட்டுகள் தரைக்கு வந்து, கரையானுக்குப் போகும். முடிந்த கோப்புகளை வைக்கும் பதிவறையில் இருப்பவர் கோப்பைப் பிரித்துப் படித்து, "இந்தக் குறியீடு தவறு" என்று திருப்பி அனுப்ப முடிய வேண்டும். அந்த அதிகாரத்தைத்தான் நான் அங்கீகாரம் என்பேன். விழா எடுத்துப் பொன்னாடை போர்த்துவது அதற்கு ஈடாகாது.

கோப்பு காணாமல் போவதும் பெரும்பாலும் திருட்டால் அல்ல. கட்டிலிருந்து ஒன்றை உருவினால் அந்த இடத்தில் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: கோப்பு எண், வாங்கியவர் பெயர், பிரிவு, தேதி, கையெழுத்து. அதே விவரம் வழங்கல் பதிவேட்டிலும் ஏற வேண்டும். "மேலதிகாரி கேட்கிறார், சீக்கிரம்" என்று சீட்டில்லாமல் போன கோப்பு, வாங்கியவர் மாறுதலாகிப் போனதும் எவர் பீரோவிலோ தங்கிவிடும். மாதம் ஒருமுறை சீட்டுகளை எண்ணி, முப்பது நாள் தாண்டியதற்கு நினைவூட்டு அனுப்பினாலே பாதி கோப்புகள் திரும்பிவிடும்.

தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்கிறது. தகவல் கேட்டு வரும் மனுவுக்குப் பதில் தர 30 நாள். தவறினால் நாளுக்கு 250 ரூபாய் அபராதம், உச்சம் 25,000. அந்தத் தொகை பொதுத் தகவல் அலுவலர் தலையில் விழுகிறது. கோப்பு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது, தேட வேண்டும், தேவையானால் விசாரித்துப் பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. அந்த 30 நாளைக் காப்பாற்றித் தருகிறவர் பதிவறைக்காரர். ஆனால் நம்மிடம் பதிவறை எழுத்தர் என்பது அலுவலக உதவியாளருக்குக் கிடைக்கும் பதவி உயர்வு, அவ்வளவுதான். அனுபவத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்த ஆவண வேலையிலேயே மேலே ஏறப் போதிய படி இல்லாததுதான் எனக்கு ஆற்றாமை. ஆஸ்திரேலியாவின் தொழில் வகைப்பாட்டில் ஆவண மேலாளருக்கென்றே தனி எண் இருந்தது, 224214. எண் இருந்தால் ஊதிய நிலை, தகுதி, பயிற்சி எல்லாவற்றையும் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

எல்லாம் கணினிக்கு வந்துவிட்டதே என்பார்கள். பெயரிடாமல் ஸ்கேன் செய்த பத்தாயிரம் பக்கம், கட்டாத கட்டுதான்.

மகளிடம் ஒன்று சொல். வேலைக்கு நேர்காணல் போகும் இடத்தில், கோப்பை அழிக்கும் பட்டியலில் யார் கையெழுத்திடுகிறார், அழித்தவற்றின் பட்டியலை எங்கே வைக்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்கட்டும். பதில் தடுமாறினால் அங்கே அவளுக்கு நிறைய வேலை இருக்கிறது. சென்னை வரும்போது எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போ. முடிந்தால் நானும் வருகிறேன். தேதி எழுது.

அன்புடன்,
ராமு