டப்பாவில் வரும் ஸ்டிக்கரை நோயாளியிடம் கொடுங்கள்

வடசென்னையில் முக அழகு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும்,

வணக்கம்.

மூக்கிலும் மோவாயிலும் கன்னத்திலும் எந்த இம்ப்ளான்ட்டை (உள்ளே பொருத்தும் செயற்கைத் துண்டை) வைத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பல வருடம் கழித்து மூக்கு நுனி சிவந்து, ராத்திரியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவருக்குத் தெரியாது. "ஏதோ சிலிக்கான் வச்சாங்க" என்பார். நம் பக்கம் எதை வைத்தாலும் அதற்குப் பேர் சிலிக்கான்தான்.

எடுக்கப் போகும் சர்ஜனுக்கு அந்தப் பதில் போதாது. திட சிலிக்கோனுக்குள் திசு வளராது, சுற்றி ஓர் உறை மட்டும் கட்டும். உறையைத் திறந்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். நுண்துளை பாலிஎத்திலீனில் துளை 100 மைக்ரானுக்கு மேல். இரத்தக் குழாயும் திசுவும் உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளும். இழுத்தால் உடைந்து துண்டு உள்ளேயே நிற்கும்; சுற்றிலும் வெட்டித்தான் விடுவிக்க வேண்டும். சாதா எக்ஸ்ரேயில் அது தெரியவும் தெரியாது. ஊசியில் ஏற்றிய திரவ சிலிக்கோனை முழுதாக எடுக்கவே முடியாது. ஊசியில் ஏற்றிய ஹயலுரானிக் ஆசிட் ஜெல்லாக (ஃபில்லராக) இருந்தால் கத்தியே வேண்டாம், ஹயலுரானிடேஸ் ஊசி போட்டால் கரையும்.

சீழ் பிடித்த பிறகு இந்தக் குழப்பத்தில் நாள் போகிறது. இம்ப்ளான்ட் மேல் கிருமி படலமாகப் படிந்துவிட்டால் ஆன்டிபயாடிக் அதை அடக்கும், அழிக்காது; மாத்திரை நின்றதும் திரும்ப வரும். நுனித் தோல் மெலிந்து பளபளக்கும்போதே எடுத்தால் தோல் பிழைக்கும். பொத்துக்கொண்டு வந்தபின் எடுத்தால் தழும்பும் சுருக்கமும் மிஞ்சும்.

இம்ப்ளான்ட்டின் பெயரும் லாட் நம்பரும் அச்சிட்டு ஸ்டெரைல் பேக்கோடு வரும் ஸ்டிக்கரில் ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள், ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில். எம்.சி. ரோட்டில் சேலை வாங்கினாலே பில் தருகிறார்கள்! ஸ்டிக்கரில் இல்லாததைக் கையால் எழுதுங்கள்: வாய்க்குள் திறந்தீர்களா மோவாய்க்கு அடியிலா, எலும்புச் சவ்வுக்கு அடியிலா மேலா, ஸ்குரூ போட்டீர்களா, செதுக்கினீர்களா. மோவாயில் ஸ்குரூ எந்தப் பக்கம் என்பது முக்கியம். இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே வெளிவரும் நரம்பு அறுந்தால் கீழுதடு மரத்துப்போகும்.

லாட் நம்பரை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்ணை) விட்டுவிடாதீர்கள். மருத்துவக் கருவிகளால் வரும் பக்கவிளைவுகளைப் பதிய 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. நம்பர் இல்லாமல் இரண்டு புகார்கள் போனால், இரண்டும் ஒரே லாட்டா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் கேட்டு வந்தால், பழைய தியேட்டர் ரிஜிஸ்டரைப் புரட்டி அதே விவரங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்காதீர்கள்.