எல்லாம் ஈடிஎம் இல்லை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டிஜே வேலை பழகும் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "ஹவுஸ், டெக்னோ, கராஜ், ஜங்கிள்னு எதுக்கு மாமா இத்தனை பேர்? ஈடிஎம்னு சொன்னா போதாதா? வேகமும் ஸ்ருதியும்தான் திரையிலேயே தெரியுதே" என்கிறாய். (படிக்கிற மற்றவர்களுக்கு: ஈடிஎம் என்றால் எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக், மெஷினில் செய்யும் ஆட்ட இசை. ஹவுஸ், டெக்னோ எல்லாம் அதன் வகைகள். திரை என்றது டிஜே மென்பொருளின் திரை.) பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். உன் வயதுப் பிள்ளைகள் பலரும் இதையே கேட்கிறார்கள். அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரி வெளியிலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அந்தத் திரை காட்டும் எண். 130 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 130 அடி) ஒரு ஹவுஸ் டிராக்கையும் லண்டன்காரர்களின் டூ-ஸ்டெப் கராஜ் ஒன்றையும் எடுத்துக்கொள். எண் ஒன்றுதான். ஹவுஸில் நாலு எண்ணிக்கைக்கும் கிக் டிரம் அடி விழும். டூ-ஸ்டெப்பில் இரண்டாவதிலும் நாலாவதிலும் கிக் இருக்காது. அந்தச் சந்தில் பேஸ், அதாவது அடியில் ஓடும் கனத்த ஒலி, நுழைந்துகொள்ளும். எண்ணை மட்டும் நம்பி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் தாளம் தப்பாது, ஆடுகிறவன் கால்தான் தப்பும். டப்ஸ்டெப் என்ற வகை இன்னும் மோசம். திரையில் 140 என்று இருக்கும், ஸ்நேர் டிரம் பாதி வேகத்தில் விழும், உடம்பு அதை 70 என்றுதான் எடுத்துக்கொள்ளும். இது உனக்குக் கைப்பழக்கத்திலேயே தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

சிகாகோவில் 206 சவுத் ஜெஃபர்சன் தெருவில் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு கிளப் இருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977 முதல் 1982 வரை அங்கே ரெக்கார்டு போட்டார். வந்து ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், அதிலும் தன்பாலீர்ப்பாளர்கள். வேறு கிளப்புகளில் அவர்களுக்கு அத்தனை வரவேற்பு கிடையாது. அங்கே கேட்ட பாட்டைத் தேடி மறுநாள் ரெக்கார்டு கடைக்குப் போவார்கள். கடைக்காரரும் 'வேர்ஹவுஸில் போட்டது' என்று எழுதி வைத்தார். அது சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று என்பது பலரும் சொல்லும் கதை. வேறு ஒன்றிரண்டு கதைகளும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனி: அப்போது 'ஹவுஸ்' என்று தனியாக ஓர் இசையே கிடையாது. டிஸ்கோ, சோல், ஐரோப்பாவிலிருந்து வந்த சிந்தசைசர் பாட்டு என்று எல்லாமே அதில் அடக்கம். ஹவுஸ் என்றே செய்து ரெக்கார்டாக வந்ததில் முதலாவது என்று பலர் காட்டும் ஜெஸ்ஸி சாண்டர்ஸின் 'ஆன் அண்ட் ஆன்' 1984-ல்தான் வருகிறது. பெயர் முதலில், இசை பிறகு!

கராஜும் அப்படித்தான். நியூயார்க் கிங் தெருவில் டிஜே லாரி லெவன் வாசித்த 'பாரடைஸ் கராஜ்' கிளப்பின் பெயர் அது. கிளப் 1987-ல் மூடிவிட்டது. பெயர் மட்டும் கடல் தாண்டி லண்டன் போய், லெவன் கேட்டால் அடையாளமே தெரியாத ஓர் இசைக்கு ஒட்டிக்கொண்டது. நம்மூரில் பரதத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்கிறோமே, அதே வழக்கம்தான். எந்த ஊர், யார் கை என்பதைச் சொல்லும் பெயர்கள் இவை.

டெக்னோ கதை கொஞ்சம் வேடிக்கை. டெட்ராய்ட்டுக்கு வெளியே பெல்வில் பள்ளியில் படித்த மூன்று பையன்கள்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். 1988-ல் நீல் ரஷ்டன் என்ற ஆங்கிலேயர் இவர்களுடைய பாட்டுகளைத் தொகுத்து பிரிட்டனில் வெளியிட ஏற்பாடு செய்தார். சிகாகோ ஹவுஸ் அங்கே அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. தொகுப்புக்கும் 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை' என்கிற மாதிரிதான் முதலில் பெயர் யோசித்தார்கள். அட்கின்ஸ் தன் பங்குக்குக் கொடுத்த பாட்டின் பெயர் 'டெக்னோ மியூசிக்'. அந்தச் சொல் அவருக்குப் புதிதல்ல. சைபோட்ரான் குழுவில் இருந்தபோதே 1984-ல் 'டெக்னோ சிட்டி' போட்டவர். கடைசியில் தொகுப்பு 'டெக்னோ! த நியூ டான்ஸ் சவுண்ட் ஆஃப் டெட்ராய்ட்' என்று வந்தது. பழைய பெயரிலேயே வந்திருந்தால் டெட்ராய்ட் இன்றைக்கு சிகாகோவின் கிளையாக அரை வரியில் முடிந்திருக்கும்.

இதே தொகுப்பில் சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு போட்ட 'பிக் ஃபன்' இருக்கிறது. கேட்டுப் பார். இன்று அதை எந்தக் கடையும் கூசாமல் ஹவுஸ் பக்கத்தில் வைக்கும். ஆக, பெயர் ஒலியை வைத்து மட்டும் வருவதில்லை மாப்பிள்ளை. யார் செய்தார்கள், யார் ஆடினார்கள் என்பதிலிருந்து வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பையில் இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 பேஸ் மெஷின், டிஆர்-808 தாள மெஷின் இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் எல்பி போட்டார். விற்கவில்லை. 2010-ல் மறுபடி வெளிவந்தபோது, சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 'ஆசிட் டிராக்ஸ்' போட்ட 1987-க்கு ஐந்து வருடம் முன்பே ஆசிட் ஹவுஸை (அந்த 303-ஐ நெளிய விடும் ஹவுஸ் வகை) கண்டுபிடித்தவர் இந்தியர் என்று இணையமே குதித்தது. எனக்கும் அந்த எல்பி உயிர். பைரவ் ராகத்தில் அந்த 303 நெளிவதைக் கேட்டால் ரோமம் சிலிர்க்கும். ஆனால் அது ஆசிட் ஹவுஸ் இல்லை. அதற்கு சிகாகோ டிஜே ரான் ஹார்டி மாதிரி ஒருவர் இல்லை, அவருடைய மியூசிக் பாக்ஸ் கிளப் இல்லை, விடியும்வரை ஆடிய கூட்டம் இல்லை. மெஷின் ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, பரம்பரை வேறு. சரண்ஜித் சிங்கே அதை டிஸ்கோ என்றுதான் அட்டையில் போட்டார். அப்படியே விடுவதுதான் அவருக்கு மரியாதை.

அப்புறம் உன் ஈடிஎம். 1997 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் இதே சரக்கை 'எலக்ட்ரானிகா' என்று விற்றுப் பார்த்தன. அந்த அலை கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. 2010-ஐ ஒட்டி அங்கே பெரிய விழாக்கள் களைகட்டியபோது ஈடிஎம் என்ற பெயரைத் தூக்கிப் பிடித்தார்கள். டிக்கெட் விற்க வசதியான பெயர், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஊர் கிடையாது. உன் காலேஜ் விழாவில் "ஈடிஎம் போடு" என்று கத்துகிறவன் கேட்பது லாரி லெவனையா? மெல்ல ஏறி, ஒரு நொடி நின்று, டமாலென்று விழும் அந்த டிராப்பைத்தானே? அதற்கு மட்டும் ஈடிஎம் என்று வைத்துக்கொள். எனக்குச் சம்மதம். சிகாகோவையும் டெட்ராய்ட்டையும் அதற்குள் திணிக்காதே.

பெயர் வைக்கும் வேலையை அரசாங்கத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. திறந்தவெளி ரேவ்களை, அதாவது விடிய விடிய ஆடும் கூட்டங்களை, அடக்க பிரிட்டன் 1994-ல் ஒரு குற்றவியல் சட்டம் கொண்டுவந்தது. எந்த இசைக்கு இது பொருந்தும் என்று எழுத வேண்டுமே? 'முழுக்கவோ பெரும்பாலுமோ, திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளின் தொடரால் அமைந்த ஒலிகள்' இதில் அடங்கும் என்று எழுதினார்கள். அப்படிப் பார்த்தால் நம் பறையும் உள்ளே போகும்! ஆட்டெகர் என்ற இருவர் குழு சட்டம் நிறைவேறும் முன்பே ஒரு ரெக்கார்டு வெளியிட்டது. மூன்று பாட்டு. சட்டம் வந்தால் இரண்டைப் போடாதீர்கள், 'ஃப்ளட்டர்' என்ற மூன்றாவதில் எந்த இரண்டு பாரும் (தாளச் சுற்றும்) ஒரே மாதிரி இருக்காது, அதைத் தாராளமாகப் போடலாம் என்று உறையில் ஸ்டிக்கர். போடும்போது பக்கத்தில் ஒரு வக்கீலையும் இசை நிபுணரையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் வேறு. கேட்டால் நம்ப மாட்டாய், அதற்கும் ஆடலாம்.

ஜெர்மனியில் எதற்கு என்ன பெயர் என்பதே வரி வழக்காயிற்று. பெர்லினின் பெர்க்ஹைன் கிளப் நுழைவுச்சீட்டு கேளிக்கையா, கச்சேரியா? கேளிக்கை என்றால் 19 சதவீதம், கச்சேரி என்றால் 7. 2016-ல் அங்குள்ள நிதி நீதிமன்றம் கச்சேரி என்றது. 2020-ல் வேறொரு வழக்கில் நாட்டின் உச்ச வரி நீதிமன்றமும் டெக்னோ, ஹவுஸ் நிகழ்ச்சிகள் கச்சேரியாகலாம் என்றது. டிஜே ரெக்கார்டைச் சும்மா ஓடவிடவில்லை, டர்ன்டேபிளையும் மிக்சரையும் வாத்தியமாக வைத்து வாசிக்கிறார் என்பது வாதம். "பொத்தானை அமுக்குறதெல்லாம் ஒரு வேலையா" என்று உன் அப்பா ஆரம்பித்தால் இதை எடுத்து விடு.

இதற்காக நான் பெயர்ப் போலீஸ் பக்கம் என்று நினைத்துவிடாதே. டிஜேக்கள் பாட்டு வாங்கும் பீட்போர்ட் இணையக் கடை 2020-ல் டெக்னோவை இரண்டாக வெட்டி ஒன்றுக்கு 'பீக் டைம்', இன்னொன்றுக்கு 'டீப்', 'ஹிப்னாட்டிக்' என்கிற மாதிரிப் பலகை மாட்டியது. தேடுகிறவனுக்கு வசதி, அவ்வளவுதான். யாரோ முணுமுணுக்கும் குரலைச் சேர்த்தால் டீப், எடுத்தால் மினிமல் என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்களோடு நீ உட்காராதே. 'அறிவார்ந்த நடன இசை' என்று பொருள்படும் ஐடிஎம் இருக்கிறதே, அதைவிட அகங்காரமான பெயர் கிடையாது. அப்போது மற்றதற்கெல்லாம் ஆடியவர்கள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டா ஆடினார்கள்? அந்த முத்திரை விழுந்த பலருக்கே அது பிடிக்கவில்லை.

சரி, உன் லேப்டாப்புக்கு வருவோம். 'ஈடிஎம்' என்று ஒரே ஃபோல்டரில் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருக்கிறாயே, அதை ஒரேயடியாகப் பிரிக்க உட்காராதே, அலுத்துப் போகும். ஒவ்வொரு டிராக்கிலும் கமென்ட் எழுத இடம் இருக்கும். அதில் ஊரும் வருடமும் மட்டும் போடு: சிகாகோ 1987, டெட்ராய்ட் 1988, மும்பை 1982. பிறகு ஒரே வருடத்தில் வந்த இரண்டு ஊர் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பார். பிடித்த செட்டைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு, இந்தத் தடவை வாட்ஸ்அப்பில் வேண்டாம், அது பேஸைத் தின்றுவிடுகிறது.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா