முக்கோணமும் சதுரமும் ஒரே கல்தான்

அன்பு யாழினிக்கு,

படம் கிடைத்தது. பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். நல்ல துண்டுதான். வட ஸ்வீடனில் கிடைக்கும் மூனியோனலுஸ்தா என்ற இரும்பு விண்கல் என்று விற்றவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். பட்டைகள் மெல்லிசாக, விளிம்பு முதல் விளிம்பு வரை திசை மாறாமல் போகின்றன, அது பொருந்துகிறது. உறுதியாகச் சொல்லத் துண்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கதை பிறகு.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். முக்கோணமாகக் கோடு விழுந்த துண்டு உசத்தியா, சதுரக் கட்டமாக விழுந்தது உசத்தியா, இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கி வைக்கட்டுமா என்று எழுதியிருந்தாய். வாங்குவது உன் இஷ்டம். ஆனால் அவை இரண்டு வகைக் கல் இல்லை, கண்ணு. ஒரே கல்லை ஒரு பக்கமாக அறுத்தால் முக்கோணம் வரும், வேறு பக்கமாக அறுத்தால் சதுரம் வரும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ பார்ப்பது கோடு கிடையாது. தகட்டின் வெட்டுமுகம். இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம் மிகச் சூடாக இருந்தபோது முழுக்க டீனைட் என்ற ஒரே படிகமாக இருந்தது. ஆறத் தொடங்கியதும் அதற்குள் கமசைட் என்ற நிக்கல் குறைந்த படிகம் தகடு தகடாக வளர்ந்தது. அந்தத் தகடுகள் இஷ்டத்துக்கு வளரவில்லை. பழைய படிகத்துக்குள் ஓர் எண்முகியைக் கற்பனை செய். அதற்கு எட்டு முகம், எதிரெதிர் முகங்கள் இணையாக இருப்பதால் நான்கு திசைதான். எல்லாத் தகடும் அந்த நான்கு திசையில் ஒன்றுக்கு இணையாகவே வளரும். எண்முகிக்கு ஆங்கிலத்தில் ஆக்டாஹெட்ரன், இந்தக் கற்களுக்கு ஆக்டாஹெட்ரைட் என்ற வகைப் பெயர் வந்ததும் அதனால்தான்.

இப்போது ரம்பத்தை வை. எண்முகியின் ஒரு முகத்துக்கு இணையாக அறுத்தால் மற்ற மூன்று திசைத் தகடுகளும் 60 டிகிரியில் குறுக்கிட்டு, அளந்து வைத்தாற்போல் சமபக்க முக்கோணம் காட்டும். நான்காவது திசைத் தகடு ரம்பத்தோடு படுத்துவிடுவதால் அது ஒழுங்கற்ற அகலமான திட்டாகத் தெரியும். கனசதுர முகத்துக்கு இணையாக அறுத்தால் இரண்டிரண்டு திசைகள் ஒரே கோட்டில் சேர்ந்துகொண்டு, செங்குத்தாக வெட்டும் கட்டம் கிடைக்கும். எதற்கும் இணையாக இல்லாமல் அறுத்தால், பெரும்பாலும் அப்படித்தான் அறுபடும், நான்கு திசையும் நான்கு கோணத்தில் தெரியும்.

உன் துண்டு எது தெரியுமா? திரையிலேயே கோணமானியை வைத்துப் பார்த்தேன். சாய்ந்த இரண்டு திசைக்கு நடுவே ஏறத்தாழ 70 டிகிரி. மூன்றாவது திசை இரண்டோடும் 55 டிகிரிக்குப் பக்கத்தில் வெட்டுகிறது. அதாவது இருசமபக்க முக்கோணம். அந்த மூன்றாவது திசையில் போகும் பட்டைகள் மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாகத் தெரிவதைக் கவனித்தாயா? அந்தத் தகடுகள் உண்மையில் தடிமனானவை இல்லை. சீட்டுக்கட்டைச் சாய்வாக அறுத்தால் ஒவ்வொரு சீட்டும் தடித்துத் தெரியுமே, அதேதான். சாய்ந்த இரண்டு திசைத் தகடுகள் வெட்டுமுகத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றன. மூன்றாவது திசையில் தெரிபவை வெறும் 35 டிகிரிச் சாய்வில் படுத்திருக்கின்றன, அதனால் 1.7 மடங்கு அகலமாகத் தோன்றுகின்றன. எண்முகியின் இரண்டு முகங்கள் சேரும் விளிம்புக்குக் குறுக்கே அறுத்திருக்கிறார்கள் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். உலோக ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் காலம் தள்ளியவளுக்கு இதைவிட என்ன பொழுதுபோக்கு வேண்டும்!

ஆகவே பட்டை அகலத்தை அளக்கும்போது செங்குத்தாக நிற்கும் திசையில் அள. பட்டைக்குக் குறுக்காக, பல இடங்களில், பத்து மடங்கு உருப்பெருக்கியின் உதவியோடு. உண்மை அகலம் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வந்தால் மென்பட்டை வகை. மூனியோனலுஸ்தாவும் நமீபியாவின் கிபியோனும் அதில் சேரும், இரண்டும் 0.3 பக்கம். அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியலோவில் பட்டை சுமார் 3 மில்லிமீட்டர். ரஷ்யாவின் சிகோட்டே-அலினில் இன்னும் அகலம், சின்னத் துண்டாக இருந்தால் அதில் வடிவம் இருப்பதே தெரியாது.

அகலத்தை வைத்து உடனே "இது மெதுவாக ஆறியது, அது வேகமாக ஆறியது" என்று முடிவு கட்டிவிடாதே. இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். நிக்கல் அதிகம் இருந்தால் கமசைட் வளரத் தொடங்குவதே தாமதமாகும். அதற்குள் சூடு குறைந்து அணுக்கள் நகர முடியாமல் போகும், பட்டை மெலியும். வேகமாக ஆறினாலும் மெலியும். இரண்டையும் பிரித்தறிய நிக்கல் அளவு தெரிந்தாக வேண்டும். நிக்கல் சுமார் 6 சதவீதத்துக்குக் கீழே போனால் முழுக்கக் கமசைட்டாகிவிடும், எண்முகி வடிவமே வராது. அதில் நாய்மன் கோடுகள் என்ற மெல்லிய நேர்கீறல்கள் மட்டும் தெரியும், அவை விண்வெளியில் மோதல் பட்டபோது படிகம் நெளிந்த அடையாளம். மறுகோடியில் நமீபியாவின் ஹோபா. ஏறத்தாழ 60 டன், 1920-ல் கண்டுபிடிக்கப்பட்டது, நிக்கல் 16 சதவீதம். உலகத்திலேயே பெரிய விண்கல், ஆனால் வெறும் கண்ணுக்கு ஒரு வடிவமும் காட்டாது.

ஆறிய வேகத்தைச் சரியாகச் சொல்வது டீனைட்தான். கமசைட் வளர வளர நிக்கலை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட நிக்கல் பக்கத்து டீனைட்டின் ஓரத்தில் குவியும், உள்ளே நடுவரைக்கும் போய்ச் சேரச் சூடு போதாது. குறுக்காக அளந்து வரைபடம் போட்டால் இரண்டு ஓரமும் உயர்ந்து நடு பள்ளமாக, ஆங்கில எம் எழுத்துப் போல் வரும். அந்தப் பள்ளத்தின் ஆழத்திலிருந்து ஆறிய வேகத்தைக் கணக்கிடும் வழியை 1960-களில் கண்டுபிடித்தார்கள். இரும்பு விண்கற்களை வேதியியல் கலவையை வைத்துக் குழு குழுவாகப் பிரிப்பார்கள்; உன் கல் சேர்ந்திருக்கும் நான்கு-ஏ குழுவுக்கு வந்த விடை வேடிக்கையானது. சில கற்கள் பத்து லட்சம் ஆண்டுக்கு 100 டிகிரி ஆறியிருக்கின்றன, சில 6,000 டிகிரிக்கு மேல். ஒரு டிகிரி குறைய ஒன்றுக்குப் பத்தாயிரம் ஆண்டு, இன்னொன்றுக்கு இருநூறு ஆண்டுகூட இல்லை! ஒரு சிறுகோளின் இரும்பு நடுப்பகுதி பாறைப் போர்வைக்குள் இருந்திருந்தால் எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஆறும், இரும்பு வெப்பத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தும். இவ்வளவு வித்தியாசம் வர வேண்டுமானால் போர்வை முன்பே பிய்ந்து போயிருக்க வேண்டும். ஏதோ ஒரு பெரிய மோதலில் தோலுரிந்த உலோக உருண்டை, வெளிப்பக்கம் வேகமாகவும் உள்பக்கம் மெதுவாகவும் ஆறியிருக்கிறது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். மூனியோனலுஸ்தாவில் இருக்கும் ட்ராய்லைட் என்ற இரும்பு சல்ஃபைடின் வயதை ஈயத்தை வைத்துக் கணக்கிட்டபோது சுமார் 456 கோடி ஆண்டு என்று வந்தது. சூரியக் குடும்பத்தின் வயது 456.7 கோடி. எல்லாம் அவ்வளவு சீக்கிரம் நடந்து முடிந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஏவப்பட்ட சைக்கி விண்கலம் உலோகம் நிறைந்த ஒரு சிறுகோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, 2029-ல் சேரும். அது வரைக்கும் உன் மேசை மேல் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வடிவத்துக்கு விட்மன்ஸ்டாட்டன் பெயர் ஒட்டிக்கொண்டது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். 1804-லேயே நேப்பிள்ஸில் இருந்த வில்லியம் தாம்சன் துருவை எடுக்க நைட்ரிக் அமிலம் போட்டுப் பார்த்து இதைக் கண்டு எழுதியும்விட்டார். வியன்னாவின் விட்மன்ஸ்டாட்டன் 1808-ல் ஒரு துண்டைத் தீயில் காட்டி நிறம் மாறுவதைக் கண்டார், அவர் தானாக எதையும் பதிப்பிக்கவில்லை. ஆனால் ஒன்றுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அமிலம் அரித்த பரப்பில் மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தார். கல்லே அச்சுக்கட்டை.

உன் துண்டின் பின்பக்கம் மங்கியிருக்கிறது, நானே மறுபடி அமிலம் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடலாம். பாதி வேலை உப்புத்தாளில்தான். முரடான தாளில் தொடங்கி 600-ஆம் எண் வரை, ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்று. முந்தைய கீறல் முழுதும் மறைந்த பிறகே அடுத்த தாள். பிறகு எத்தனாலால் துடைத்து விரல் படாமல் வை. 95 மில்லி எத்தனாலில் 5 மில்லி அடர் நைட்ரிக் அமிலம். எத்தனாலை முதலில் எடுத்து, அமிலத்தை அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், மாற்றி ஊற்றாதே. கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்கு. மிச்சத்தை மூடிவைக்கவே கூடாது, வாயு சேர்ந்து குப்பி வெடிக்கும். கலவையைக் கெட்டியாக்கிப் பார்க்கும் எண்ணமும் வேண்டாம்.

மெல்லிய தூரிகையால் பூசிக்கொண்டே இரு. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பரப்பு லேசாக மங்கும், அந்த மங்கலுக்குள்ளிருந்து பட்டைகள் எழும்பும். கமசைட் சீக்கிரம் கரையும், நிக்கல் நிறைந்த டீனைட் கரையாமல் முடி போல மெல்லிய மினுங்கும் வரம்பாக நிற்கும். விளக்குக்கு எதிரே சாய்த்தால் ஒரு திசைப் பட்டைகள் பளிச்சிடும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் அவை இருண்டு அடுத்த திசை பளிச்சிடும். பட்டைகளுக்கு இடையே கறுப்பாக ஆப்பு வடிவில் தெரிவது பிளெசைட், கடைசியில் மிஞ்சிய டீனைட் பொடிப்பொடியாகப் பிரிந்தது. வரம்பு தெளிந்ததும் நிறுத்திவிடு. இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். சமையல் சோடாக் கரைசலில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, கடைசியில் எத்தனாலில் முக்கி எடுத்து உலர்த்து.

துருவைப் பற்றி விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். மூனியோனலுஸ்தா துருப்பிடிக்கப் பேர்போனது. பனியாறுகள் இழுத்துப் போட்ட ஈர மண்ணுக்குள் வெகுகாலம் கிடந்த கல் அது, விரிசல்களில் குளோரைடு ஊறியிருக்கும். மெழுகு பூசு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வை, மாதம் ஒரு முறையாவது ஓரத்தைப் பார். பழுப்பு நிறத்தில் ஈரத் துளி தெரிந்தால் எடுத்துத் தேய்த்துவிடு.

அடுப்பிலோ தீயிலோ காய்ச்சி நிறம் ஏற்றுகிறேன் என்று மட்டும் இறங்காதே. செந்தணலாகச் சூடாக்கினால் நிக்கல் மறுபடி நகரத் தொடங்கும், எல்லை கலையும். விண்கல்லை அடித்துக் கத்தி செய்கிறவர்கள் பட்டறையில் முதலில் அழிப்பது இந்த வடிவத்தைத்தான். ஜஹாங்கீர் காலத்தில், 1621-ல், ஜலந்தர் பக்கம் விழுந்த இரும்பில் வாள் செய்யச் சொன்னாராம் பாதுஷா. தனியாக அடித்தபோது சம்மட்டிக்குத் தாங்காமல் உதிர்ந்துபோக, மூன்று பங்குக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்து அடித்திருக்கிறார்கள். வாள் கிடைத்தது, படிகம் போயே போயிற்று.

இப்போது ஓரம். துருப்பிடிக்காத எஃகில் இந்த வடிவத்தைப் பொறித்து விற்கிறார்கள், கைக்கடிகார முகப்பு, மோதிரம் என்று. காந்தமும் நிக்கல் சோதனையும் அதைப் பிடிக்காமல் விட்டுவிடலாம், சிலவகை எஃகிலும் நிக்கல் உண்டு. தகடு என்பது உள்ளே ஊடுருவிப் போவது. ஆகவே மேற்பரப்பில் தெரியும் பட்டை விளிம்பில் மடங்கி, வேறு கோணத்தில், ஓரத்திலும் தொடர வேண்டும். ஓரத்தைச் சிறிது தேய்த்து ஒரு தடவை அமிலம் தொட்டாலே தெரிந்துவிடும். பொறித்த கோடு விளிம்போடு நின்றுவிடும்.

இனி வாங்கும்போது பெயர், எடை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சீட்டு இல்லாமல் வாங்காதே. கிபியோனை நமீபியா பாதுகாத்திருக்கிறது, அர்ஜென்டினாவும் 2007-ல் விண்கற்களுக்குச் சட்டம் போட்டது. பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று வாய்வார்த்தை சொன்னால் போதாது, காகிதம் கேள்.

சதுரக் கட்டம் வேண்டும் என்று இன்னொரு மென்பட்டைத் துண்டு தேடாதே. அந்த ஆசைக்குப் பதிலாக அறுக்காத சிகோட்டே-அலின் ஒன்று வாங்கு. 1947 பிப்ரவரி 12 அன்று பகல் வெளிச்சத்தில், பார்த்தவர்கள் இருக்க விழுந்தது. காற்றில் உருகி வழிந்த கட்டைவிரல் பள்ளங்கள் மேலே அப்படியே இருக்கும் கல்லாகப் பார்த்து எடு. வெடித்துச் சிதறிய கூர்முனைத் துண்டுகளும் வரும், அவை வேறு அழகு, ஆனால் முதலில் பள்ளம் உள்ளது.

அதற்கு முன் ஓரத்தின் படம் ஒன்று அனுப்பு, பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்து. சாய்ந்த இரண்டு திசையிலும் அகலம் எவ்வளவு வருகிறது என்பதையும் எழுது. 0.5-ஐத் தாண்டினால் விற்றவரிடம் பேச வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா