சர்வீஸுக்கு வந்தால் உங்கள் எடையை ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மலைக்காட்டுத் தடங்களில் ஓட்டுவதற்காக மவுண்டன் பைக்கைச் சர்வீஸுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் சில மாதங்களாக நாங்கள் முதலில் கேட்பது, "உங்கள் எடை எவ்வளவு?" என்பதுதான். சிலருக்கு இது சங்கடமாக இருக்கிறது. அதனால் காரணத்தை எழுதியே சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

இப்படிக் கேட்க ஆரம்பித்ததற்கு எங்கள் தவறு ஒன்றுதான் காரணம். நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவரின் வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, இரண்டு டயரிலும் கல்லு மாதிரி காற்றடித்துக் கொடுத்தோம். தார்ச்சாலைக்கு அது சரி. அவர் போனது காட்டுத் தடத்துக்கு. முதல் இறக்கத்திலேயே ஈரமான வேர் ஒன்றின்மேல் முன்சக்கரம் வழுக்கி, காறை எலும்பு முறிந்துவிட்டது. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனாலும், எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் காற்றோடு அவரை அனுப்பியிருக்க மாட்டோம்.

காட்டுத் தடத்தில் டயர் கல்லின்மேலும் வேரின்மேலும் அமுங்கிப் படிய வேண்டும். காற்று அதிகமாக இருந்தால் படியாமல் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் தரையில் பிடி கிடையாது. அதற்காக ரொம்பவும் குறைத்தால் ரிம் போய்க் கல்லில் இடிக்கும். டியூப் போட்ட வண்டியென்றால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை உங்கள் எடைதான் முடிவு செய்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர், 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில், முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். உடல் எடை பின்சக்கரத்தில் கூடுதலாக இறங்குவதால்தான் அந்த வித்தியாசம். 90 கிலோ என்றால் கொஞ்சம் ஏற்ற வேண்டும், டியூப் இருந்தால் இன்னும் கொஞ்சம். டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள், அது டயர் தாங்கக்கூடிய எல்லை மட்டுமே. பம்பில் இருக்கும் முள்ளும் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைப் பல நேரம் சரியாகக் காட்டுவதில்லை. தனியாக ஒரு சின்ன அளவுமானி வைத்துக்கொள்வது நல்லது.

அதிர்வைத் தாங்கும் ஷாக்குக்கும் இதே கணக்குதான். ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு வண்டிமேல் ஏறி நின்றால், ஷாக் தான் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் முன்பக்கம் ஏறத்தாழ 20 சதவீதம், பின்பக்கம் 30 சதவீதம் அமுங்க வேண்டும். தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் அதை அளந்து காட்டிவிடும்.

அடுத்தது பிரேக். எங்கள் பட்டறைக்கு வருகிற பேடுகளில் பல, தேய்வதற்கு முன்பே வெந்து கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கின்றன. மலை இறங்கும்போது பயத்தில் மேலிருந்து கீழ்வரை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதால் இப்படி ஆகிறது. பேடு ஆறவே நேரம் கிடைப்பதில்லை. வளைவுக்கு முன்னாலேயே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் விட்டுவிட்டு வளைவில் திரும்புங்கள். டயருக்கு இருக்கிற பிடி கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதியைப் பிரேக் எடுத்துக்கொண்டால் திரும்பப் போதுமான மிச்சம் இருக்காது. முன்பிரேக்கைக் கண்டு பயப்பட வேண்டாம், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதனுடையது. எழுந்து நின்று, பெடல் இரண்டும் சமமாக, குதிகால் தாழ்ந்து இருந்தால் போதும். ஒரே ஒரு விரலால், இதமாக அழுத்திப் பழகுங்கள். பின்சக்கரத்தை மட்டும் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தால் வண்டியும் நிற்காது, தடமும் பாழாகும். சக்கரம் உழுத கோட்டில் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓடி, அந்த இடமே வாய்க்கால் ஆகிவிடும். மண்வெட்டியோடு காட்டுக்குள் போய் அதைச் சரிசெய்கிறவர்களின் உழைப்பு எங்களுக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

பிரேக் எண்ணெயை நீங்களே மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. பிரேக் எண்ணெயில் இரண்டு வகை உண்டு: டாட் எண்ணெய் வேறு, மினரல் எண்ணெய் வேறு. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். டாட் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் நாளாக ஆக அதன் கொதிநிலை இறங்கும். பிரேக் சூட்டில் அது கொதித்துக் குமிழி விட்டால் லீவரில் அழுத்தம் நிற்காது. நீண்ட இறக்கத்தில் திடீரென்று லீவர் கைப்பிடிவரை வந்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம், கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள் என்று கேட்பது இதனால்தான்.

தடம் எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறங்களைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். ஊர் மாறினால் நிறத்தின் பொருளும் மாறும். வேல்ஸில் உள்ள கோட்-அ-பிரெனின் போன்ற பிரிட்டிஷ் சைக்கிள் தடங்களில் பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்று கடினம் ஏறும். கனடாவின் விஸ்லரில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம், இரட்டைக் கருப்பு வைரம் என்ற வரிசை. எங்கே போனாலும் முதல் சுற்றை நீங்கள் வழக்கமாக ஓட்டுவதைவிட ஒரு படி எளிய தடத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

அடுத்த முறை வரும்போது தடத்துக்குப் போகிற உடையிலேயே, பையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பத்து நிமிடம் போதும். எடையைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். வண்டிமேல் ஏறி நில்லுங்கள், மற்றதை ரப்பர் வளையத்தைப் பார்த்து நாங்களே தெரிந்துகொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் பட்டறையினர்