இடுப்பு சின்னது என்று யார் சொன்னது?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. வளைகாப்புக்கு வந்த யாரோ ஒரு அத்தை உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இடுப்பு ஒடுங்கி இருக்கே, ஆபரேஷன்தான்" என்றதை இன்னும் மனதில் போட்டுக் குமைந்துகொண்டிருக்கிறாய். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன். அதனால் எழுதுகிறேன். 28 வருஷம் பிரசவ வார்டில் நின்றவள் சொல்கிறேன், கேள்.

கண்ணாடியில் தெரிகிற இடுப்பு வேறு, பிள்ளை இறங்கி வருகிற இடுப்பு வேறு. இடுப்பில் கை வைத்து நிற்கும்போது கைக்குத் தட்டுப்படுவது இலியம் எலும்பின் மேல் விளிம்பு. அது முறம் மாதிரி விரிந்து மேலே நிற்கிறது. பிள்ளைக்கான வழி அதற்குக் கீழே, உள்ளே இருக்கிறது. முன்னால் பியூபிஸ் எலும்பு, பின்னால் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக ஒட்டிப்போன திருவெலும்பு, அதன் நுனியில் வாலெலும்பு. எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். அத்தையின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

நர்ஸிங் படிக்கும்போது எங்கள் டீச்சர் ஒரு நிஜ இடுப்பெலும்பையும் ஒரு துணிப் பொம்மையையும் மேசைமேல் வைப்பார். மேல் வாய் முன்பின்னாக 11 செ.மீ., குறுக்கே 13. நடுவில் எப்படி அளந்தாலும் 12. கீழ் வாயில் அப்படியே மாறிவிடும்: முன்பின் 13, குறுக்கே 11. சராசரிக் கணக்குதான், ஆனாலும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். பொம்மையின் தலையை நேராக இறக்கினேன், சிக்கிக்கொண்டது. டீச்சர் என் கையைப் பிடித்து, முகம் பக்கவாட்டில் பார்க்கும்படி உள்ளே விட்டு, பாதி வழியில் கால்வாசி வட்டம் திருப்பினார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பெரும்பாலான பிள்ளைகள் அப்படித் திரும்புகின்றனவே!

உன் கையில் வளையல் ஏற்றியதை நினைத்துப் பார். வளையலின் வாய் உன் கையைவிடச் சின்னதுதான். கட்டைவிரலை மடக்கி, கையைக் குவித்து, லேசாகத் திருப்பி ஏற்றினார்கள் இல்லையா? பிள்ளையும் தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலையின் குறுகிய பக்கத்தை முன்னால் கொடுக்கும். அது சுமார் 9.5 செ.மீ.தான். மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொடுக்கும். இந்தப் பக்கம் உன் வளையமும் கண்ணாடியால் ஆனது இல்லை. கர்ப்பத்தில் சுரக்கிற ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்தும். வாலெலும்பு பின்னால் விலகி வழிவிடும்.

மாடிப்படி ஏறும்போது முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே வலிக்கிறது என்றாயே, அதுவும் இந்தத் தளர்ச்சியால் இருக்கலாம். இரண்டு பியூபிஸ் எலும்புகளும் முன்னால் சேரும் இடத்தில் ஒரு குருத்தெலும்புத் திண்டு இருக்கிறது. இப்போது அந்த இடைவெளி சில மில்லிமீட்டர் கூடும். படுக்கையில் புரளும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்தே திருப்பு. ஒற்றைக் காலில் நின்று பேண்ட் போடாதே, உட்கார்ந்து போடு. டாக்டரிடமும் சொல். சும்மா பொறுத்துக்கொள்ளாதே.

எங்கள் காலத்தில் வந்தவர்களையெல்லாம் மல்லாக்கப் படுக்க வைத்தோம். திருவெலும்பு கட்டிலில் அழுந்திக் கிடந்தால் வாலெலும்பு எங்கே விலகும்? அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. வலி எடுத்ததும் நட. ஒருக்களித்துப் படுக்கலாம், முடிந்தால் குத்தவைத்து உட்காரலாம். உன் டாக்டரிடம் இதையெல்லாம் இப்போதே பேசி வை.

நிஜமாகவே வழி போதாமல் போவதும் உண்டு. சின்ன வயதில் ரிக்கெட்ஸ் வந்து எலும்பு வளைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தவர்களையும். பிள்ளையின் தலை சரியாகத் திரும்பாமலும் போகலாம். அதெல்லாம் பெரும்பாலும் வலி எடுத்து, தலை இறங்குகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்த பிறகுதான் தெரியும். அப்படி ஆபரேஷன் வேண்டியிருந்தால் செய்துகொள். அதில் உன் குறை ஒன்றும் இல்லை. உன்னைச் சுமந்தபோது எனக்கும் இடுப்பு ஒடுங்கல் என்றுதான் சொன்னார்கள். 3 கிலோ 200 கிராமில், முகம் என் முதுகுப் பக்கம் பார்த்தபடி, ஒழுங்காகத் திரும்பித்தான் வந்தாய்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அங்கே வந்துவிடுவேன். முழங்காலுக்கு நடுவே வைத்துப் படுக்க நீளமாக ஒரு இலவம்பஞ்சுத் தலையணை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அது வரைக்கும் பழைய போர்வையை மடித்து வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா