9.76-ஐ 9.76-ன்னே எழுத விடுங்க

மதுரைப் பக்கத்துக் காலேஜ்கள்ல பிஎஸ்ஸி பிசிக்ஸுக்கு சிலபஸ் போடுற, கொஸ்டின் பேப்பர் எடுக்குற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம். நான் மூணாவது வருஷம் படிக்கிறேன், திருமங்கலத்துல இருந்து தினம் பஸ்ல வர்றவன். கிளாசிக்கல் மெக்கானிக்ஸ் (பொருள்கள் எப்படி நகருதுங்கிற பாடம்) பேப்பர் பத்தியும், லேப்ல 9.76 வந்த கதை பத்தியும் ரொம்ப நாளா மனசுல கெடக்கிறத எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

டி'அலம்பர்ட் தத்துவத்துல இருந்து லக்ராஞ்ச் ஈக்குவேஷன (ஆற்றல வச்சு இயக்கத்தக் கண்டுபிடிக்கிற சமன்பாடு) டிரைவ் பண்ணுன்னா எங்க செட்ல யாரையும் தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, ஒரு வரி விடாம எழுதிருவாங்க. அதே பசங்கட்ட சரிவுல உருள்ற ஒரு உருளைக்கு லக்ராஞ்சியன் (இயக்க ஆற்றல்ல இருந்து நிலை ஆற்றலக் கழிச்சது) எழுதச் சொன்னா பேனா நகராது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு பிடிபட்டது சித்திரைத் தேரோட்டத்துலதான். மாசி வீதி முக்குல தேர் திரும்புறத நீங்களும் பாத்திருப்பீங்க. அம்மாம் பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, வடம் இழுக்குறவங்க முன்னாடி, முட்டுக்கட்டை போடுறவங்க சக்கரத்தை ஒட்டியே குனிஞ்சபடி நடந்து வர்றாங்க, கட்டைய சொருகுன உடனே சக்கரம் உருளாம அது மேல தேஞ்சு சறுக்குது, தேர் கொஞ்சமா திரும்புது, மறுபடி வடம், மறுபடி கட்டை. அங்கதான் உறைச்சுச்சு. நேரா ஓடும்போது சக்கரம் சறுக்காம உருளுது, தரையத் தொடுற புள்ளி அந்த நொடியில அசையல, அதனால அங்க இருக்கிற உராய்வு விசை வேலையே செய்யல. டி'அலம்பர்ட் அந்த மாதிரி கன்ஸ்ட்ரெயின்ட் விசைகள (நகர்வக் கட்டுப்படுத்துற விசைகள) கணக்குல இருந்து தூக்கிர்றது அதனாலதான். கட்டை மேல சறுக்கும்போது கதை வேற, உராய்வு வேலை செய்யுது, அத தனியா சேர்க்கணும். விர்ச்சுவல் ஒர்க் ஸீரோன்னு, அதாவது அந்த விசைகள் செய்யுற வேலை ஸீரோன்னு, மனப்பாடம் பண்ணி பாஸும் ஆனப்புறம்தான் அந்த வரிக்கு அர்த்தம் தெரிஞ்சது, அதுவும் கிளாஸுக்கு வெளிய.

லக்ராஞ்ச் 1788ல போட்ட மெக்கானிக்ஸ் புத்தகத்துல படமே கிடையாதுன்னு முன்னுரையிலயே சொல்லிட்டாரு. அவருக்கு சரி, எங்களுக்கு தேரு வேணும்.

லேப்ல நடந்தது இன்னும் வருத்தம். காம்பவுண்ட் பெண்டுலத்துல 20 ஆட்டத்துக்கு ஸ்டாப் கிளாக் அமுக்கி, கிராப் போட்டு, ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு 9.76 வந்துச்சு. 9.8 வரலன்னு ரெக்கார்ட திருப்பி விட்டாங்க, நான் டைம் ரீடிங்க அழிச்சு மாத்தி எழுதினேன், அந்த ரப்பர் தடம் இன்னும் பக்கத்துல இருக்கு. மதுரை நிலநடுக்கோட்டுல இருந்து சுமார் 10 டிகிரி வடக்க இருக்கு, பூமி சுத்துறதாலயும் நடுவுல உப்பி இருக்கிறதாலயும் இங்க ஜி ஏறக்குறைய 9.78தான், துருவத்துக்குப் போனாத்தான் 9.83. அப்போ எனக்கு வந்தது எவ்வளவு கிட்ட! இந்த வித்தியாசத்தோட பாதி விஷயம் ரொட்டேட்டிங் ஃப்ரேம் (சுத்துற இடத்துல இருந்து இயக்கத்தப் பாக்குறது) பாடத்துலயே இருக்கு, ரெண்டையும் சேர்த்து ஒரு நாள் பேசியிருந்தா எங்களுக்கு எப்பவும் மறந்திருக்காது.

வாரத்துல ஒரு மணி நேரம் கணக்கு போட மட்டும் ஒதுக்குங்க, அந்த நேரத்துல நாங்க தப்பா போட்டா திட்டாதீங்க. பேப்பர்ல புக்ல இல்லாத கணக்கு ஒண்ணாவது வைங்க, விடை வராட்டியும் ஸ்டெப்புக்கு மார்க் போடுங்க. லேப்ல வந்த ரீடிங்கையும், அதுல எவ்வளவு பிழை வரலாம்ங்கிறதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க.

எங்க தெருவுல ரெண்டு பிள்ளைங்க அடுத்த வருஷம் இதே குரூப்ல சேர்றாங்க. அவங்க ரெக்கார்டுல ரப்பர் தடம் இல்லாம இருக்கணும்.

இப்படிக்கு,
மூணாம் வருஷ பிசிக்ஸ் மாணவன்,
திருமங்கலம்