காலண்டர் இருந்த சுவர்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கண்ணம்மா,

புது வீட்டு ஹாலுக்கு, உருவம் எதுவும் இல்லாமல் நிறங்களும் வடிவங்களுமாக இருக்கும் அரூப ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தை வாங்கப்போவதாகவும், சோபாவின் நிறத்துக்கு ஏற்ற இரண்டை எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு. சோபாவைச் சில வருடங்களில் மாற்றிவிடுவாய், கண்ணு. பிடித்த படத்தை மாற்ற மனம் வராது.

போன ஆடியில் நானும் ஒன்று வாங்கினேன். நம் ஹாலில் காலண்டர் தொங்கிய இடத்தில்தான் மாட்டினேன். மேலே சாம்பல், நடுவே செம்மண், அடியில் கறுப்பு, அவ்வளவுதான். "இது என்ன படம்?" என்று அப்பா ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு மாலை காபியோடு எதிரே உட்கார்ந்தவர், "2021 நவம்பரில் பாலத்தில் நின்று பார்த்தோமே, பாலாறு இப்படித்தான் போனது" என்றார். காலமெல்லாம் மணலாகவே பார்த்த ஆறு அன்று கரை கொள்ளாமல் ஓடியதை அவர் மறக்கவில்லை. எனக்கு அதில் ஆறு தெரியவில்லை. அந்தச் செம்மண் நிறமே போதும்.

கல்லூரி நாட்களில் எங்களைச் சென்னைக்கு அருகே உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று நடத்த, ஓவியர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட இடம் அது. அங்கே ஒரு படத்தை விட்டு நகரவே முடியவில்லை. அப்படி ஒன்று என் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை இத்தனை வருடம் கழித்துத்தான் நிறைவேறியது.

பிரேம் விஷயத்தில் நான் ஏமாந்ததுபோல் நீ ஏமாறாதே. முதலில் போட்டுக் கொடுத்தவர் காகிதத்தைக் கண்ணாடியோடு அழுத்திப் பொருத்திவிட்டார். ஐப்பசி மழையில் ஈரம் இறங்கி ஒரு மூலை ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது செம்மண் நிறம் கண்ணாடியோடு போய்விட்டது. அன்று அழுதேவிட்டேன். அதே படத்தை மறுபடி வாங்கி, வேறு கடையில் மவுண்ட் அட்டை வைத்துப் போட்டேன். அந்த அட்டைதான் காகிதம் கண்ணாடியில் படாமல் இடைவெளி விடுகிறது. அட்டையும் காகிதமும் அமிலம் இல்லாதவையா என்று கேள். அமிலம் இருந்தால் நாளடைவில் பழுப்பேறும். நிறத்தூள் கலந்த பிக்மென்ட் மையில் அச்சிட்டதென்றால் எளிதில் வெளுக்காது. இருந்தாலும் நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம்.

படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார். ஆறடி சோபாவுக்கு மேலே நான்கடி அகலம் எடுப்பாக இருக்கும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே, கண் மட்டத்தில் இருக்கட்டும்.

எடுத்து வைத்த இரண்டையும் இந்த வாரம் தினமும் ஒருமுறை பார். சனிக்கிழமை, பார்க்காமலே எது கண்ணுக்குள் வருகிறது என்று எழுது. செய்தித்தாள் ஒட்டிய சுவரையும் போட்டோ எடுத்து அனுப்பு, அப்பா பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா